சகலையின் நல்ல கொழுப்பு

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு. காரைப் பார்த்து, காருக்குப் போட்ட உறையைப் பார்த்து, மொட்டை மாடியில் காயும் படுக்கை விரிப்பின் பூவேலையைப் பார்த்துக்கூட வயிறு எரிந்தவர்கள் உண்டு. ஆனால் அடுத்தவனுடைய ரத்தத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள் மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடைக்காரர்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. பறிக்க வந்தால் நான் சாட்சி சொல்வேன்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்கக்கூடாது. என் சமையலறை ஜன்னல் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்த மாதிரி அமைந்திருக்கிறது. அது கட்டடம் கட்டியவன் செய்த குற்றம். நான் பாத்திரம் கழுவித்தானே ஆகவேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு கழுவினால் பீங்கான் உடையும்.

கண்ணாடிக்கடைக்காரரும் அவருக்கு மேல் மாடியில் குடியிருக்கும் சோபாக்காரரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் மேலே, தங்கையைக் கட்டியவர் கீழே. மேலே இருப்பதெல்லாம் ஒரு சுற்றுப் பெரிது. டிவி பெரிது, பிரிட்ஜ் பெரிது, சோபாக்காரரின் தொப்பை பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. அவர் சிரித்தால் கீழ்வீட்டு மின்விசிறி ஆடும். கண்ணாடிக்கடைக்காரரோ சிரிப்பதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார். அதற்குள் சிரிக்க வேண்டிய விஷயம் முடிந்துவிடும்.

ஆனால் கீழ்வீட்டிலும் ஒரு சொத்து இருந்தது. "எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டார்" என்பதுதான் அது. தங்கைக்காரி அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் குடும்பம் நடத்தினாள். அக்கா புது பிரிட்ஜைக் காட்டினால், ஐஸ் தட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்வாள். மின்மீட்டர் பார்க்க வந்தவரிடம்கூட, அவர் கேட்காமலே, சொல்லியிருக்கிறாள். அக்கா அப்போதெல்லாம் வாயைத் திறக்க மாட்டாள். ஏனென்றால் சோபாக்காரர் தினமும் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் அருந்துவார். ஒன்றே ஒன்றுதான், அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. அந்தக் கிளாஸ் பூங்கொத்து வைக்கிற கண்ணாடி ஜாடி என்பது வேறு விஷயம்.

இப்படி இரண்டு வீடும் அதனதன் சொத்தோடு நிம்மதியாக இருந்தபோதுதான் தெருக்கோடியில் அந்த நிறுவனம் வந்தது. அதன் முழுப்பெயர், 'அளவான அருந்துதலும் இதய நலமும் குறித்த உயர் ஆய்வு நிறுவனம்.' இதை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், தனியாகப் பரிசோதனை தேவையில்லை. தெருவில் எல்லோரும் இதய மாளிகை என்று சுருக்கிக்கொண்டார்கள். வாசலில் இதய வடிவத்தில் ஒரு தொட்டி, நடுவில் நீரூற்று. ஊற்றின் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். மெல்லிய உடம்பு, கனத்த குரல். "இந்த நிறுவனம் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மதுபாட்டில் தொழிற்சாலைக்காரர்கள் இந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். லிஃப்ட் அவர்கள் போட்டது. என் மேசை அவர்கள் அனுப்பியது. ஆனால் நாற்காலியை நான் வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். முடிவுகளை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுப்பேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தொழிற்சாலைக்காரர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மது ரத்தத்தின் கொழுப்பையும் இதயத்தையும் என்ன செய்கிறது என்று ஆராயப்போகிறார்கள் என்று கேட்டதும் கண்ணாடிக்கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்ல நினைத்ததை இப்போது விஞ்ஞானம் சொல்லப்போகிறது. ஊசி குத்திப் பார்த்தால் சகலையின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். அன்றைக்குத்தான் அவர் யாரும் கூப்பிடாமல் மாடிப்படி ஏறினார்.

"சகலை, ஒரு நல்ல காரியத்துக்கு ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டு வருவோமா?"

சோபாக்காரர் சந்தோஷமாகப் புறப்பட்டார். இதய மாளிகைக்குச் சோபாக்கள் செய்து கொடுத்தது அவர்தான். தான் செய்ததில் தானே உட்கார்ந்து பார்க்க ஆசை.

வாசலில் ஒரே ஒரு கேள்விதான். "குடிப்பீங்களா?" ஆமாம் என்றால் கையில் சிவப்புப் பட்டை, இல்லை என்றால் வெள்ளை. எப்போதிலிருந்து, எவ்வளவு, முன்னால் குடித்தீர்களா, ஏன் விட்டீர்கள் என்றெல்லாம் கேட்டு மனிதர்களை நோகடிக்கிற பழக்கம் அங்கே கிடையாது. சிவப்புப் பட்டைக்காரர்களுக்குப் 'பங்கேற்பாளர்' என்று பெயர். வெள்ளைப் பட்டைக்காரர்களுக்கு 'ஒப்பீடு' என்று பெயர். பங்கேற்பாளர்கள் லிஃப்டில் மேல் தளத்துக்குப் போய்க் குளிரூட்டிய கூடத்தில் சோபாவில் அமர்வார்கள். ஒப்பீடுகள் மாடிப்படியில் ஏறி, படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். லிஃப்டில் ஏன் விடவில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். இதயத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்பதால் குடிப்பவர்களின் இதயத்துக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது, ஒப்பீடுகளுக்கு அப்படிக் கட்டாயம் ஒன்றுமில்லை என்று லிஃப்ட்காரர் விளக்கினார்.

"ஒப்பீடுங்க எல்லாம் சுவரோரமா நில்லுங்க" என்று ரத்தம் எடுக்கும் அம்மாள் மேலிருந்து குரல் கொடுத்தாள். மனிதர் அசந்துபோனார். சகலையோடு ஒப்பிடப்படுவது பல வருஷமாக வீட்டில் நடந்துகொண்டிருப்பதுதான். சம்பளமில்லாமல் பார்த்துவந்த உத்தியோகத்துக்கு இப்போது பட்டை கட்டிவிட்டிருக்கிறார்கள்.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்கினார். குடியைத் தொடாமலே இப்படியா என்று கண்ணாடிக்கடைக்காரர் அனுதாபத்தோடு விசாரித்தார்.

"தொடாமலா? மூழ்கிக் கிடந்தவன் நான். நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சாங்க. இனிமே தொட்டா நேரா மேலதான்னு டாக்டர் சொன்னாரு. விட்டுட்டேன். இப்ப நானும் உங்க கட்சி" என்றார் அவர். அடுத்தவருக்கு ஈரல் போய்விட்டதால் நிறுத்தியிருந்தார். அதற்கடுத்தவர் யாருக்கும் பதில் சொல்கிற நிலையில் இல்லை. அந்தப் படிக்கட்டிலேயே ஒருநாளும் குடிக்காத ஆள் தான் ஒருவன்தான் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு மெல்லத் தெரிந்தது. இதைக் கவனித்தவர் அவர் மட்டும்தான். ஆனால் அவர் மனமெல்லாம் மேலே சோபாவில் உட்கார்ந்திருந்தது.

முடிவு சொல்லும் நாளில் தெருவே திரண்டு போனது. நானும் போனேன். பாத்திரம் எங்கே போய்விடப் போகிறது?

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரத்தத்தில் கெட்ட கொழுப்பு உண்டு, நல்ல கொழுப்பும் உண்டு. கெட்டது குழாயில் படியும். நல்லது அதை வாரிக்கொண்டுபோய் ஈரலில் சேர்க்கும். நமது பங்கேற்பாளர் ஒருவரின் நல்ல கொழுப்பைப் பார்த்துவிட்டு எங்கள் இயந்திரமே ஒரு கணம் நின்றுவிட்டது."

அந்த ஒருவர் சோபாக்காரர். அவரை மேடைக்கு அழைத்து, 'இந்த மாத இதயம்' என்று தோளில் பட்டுத்துணி போர்த்தி, பெரிய படம் எடுத்து வாசல் கூடத்தில் மாட்டினார்கள். அவர் சிரித்த சிரிப்பில் ஒலிபெருக்கி இரைந்தது. பிறகு, ஒப்பீடுகளின் நிலைமை கவலைக்கிடம் என்று இயக்குநர் பொதுவாகச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது பொதுவாகப் பார்க்காமல் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். லென்ஸ் பெட்டியில் சுற்றிவந்த பழைய செய்தித்தாளில் அவர் ஒரு விஷயம் படித்திருந்தார். குடித்தால் ட்ரைகிளிசரைடு என்று இன்னொரு கொழுப்பும் ரத்தத்தில் ஏறும், ரத்த அழுத்தமும் ஏறும், குடியால் கூடுகிற நல்ல கொழுப்பு மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. சகலைக்கு அவை எவ்வளவு இருக்கின்றன என்று பணிவாகக் கேட்டார். பணிவுக்குள் இருந்த ஆசை எனக்குப் பின்வரிசை வரை கேட்டது.

"நல்ல கேள்வி. ஆனா இது நல்ல கொழுப்பை ஆராயற நிறுவனம். கெட்டதை ஆராயணும்னா அதுக்குன்னு ஒரு கெட்ட நிறுவனத்தை யாராவது ஆரம்பிக்கணும். நாங்க தடுக்க மாட்டோம்" என்றார் இயக்குநர்.

அன்று கீழ்வீட்டு மேசையில் சாப்பாடு சீக்கிரம் முடிந்தது. தங்கைக்காரி தட்டுகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள்.

"அக்கா ஒண்ணும் சொல்லலைங்க. சிரிச்சா. அதைத்தான் தாங்க முடியல" என்றாள் கடைசியில். இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா நம்ம வீட்டுல இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதுவும் இப்ப ஒரு வியாதியாம்."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொள்ள மறந்துபோனார்.

மறுநாள் அவர் இதய மாளிகைக்குப் போய், தன்னைச் சிவப்புப் பட்டைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். இயக்குநர் முகத்தில் ஒரு தகப்பனின் பரிவு வந்தது. ஆசை மட்டும் போதாது, தகுதி வேண்டும் என்றார். குடிக்காதவர்களை அளவாகக் குடிப்பவர்களாக உயர்த்துவதற்கு அங்கே பயிற்சி வகுப்பு இருந்தது. அதற்குமுன் அளவு எது என்று தீர்மானிக்க ஒரு குழுவும் இருந்தது. குழு கூடும் நாள்களில் உறுப்பினர்கள் வீட்டிலிருந்து அவரவர் கிளாஸைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, எல்லாவற்றிலும் பெரியதை அளவு என்று ஏகமனதாகத் தீர்மானிப்பார்கள். யாரும் சின்னவராகிவிடக்கூடாதே என்று அடுத்தடுத்த கூட்டங்களுக்குப் பெரிய பெரிய கிளாஸாக வந்துகொண்டிருந்தது. அளவு என்றால் என்ன என்று பயிற்சியில் யாரோ கேட்டதற்கு, "குடிக்கிறவர் கூச்சப்படாம வெளிய சொல்லக்கூடிய அளவு" என்று பயிற்றுநர் விளக்கம் கொடுத்தார். இந்தக் கணக்கில் சோபாக்காரரின் பூ ஜாடி ரொம்ப அடக்கமான பாத்திரம்.

வீட்டுப்பாடமாக ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினார்கள். கண்ணாடிக்கடைக்காரர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினார். எதிரில் தங்கைக்காரி பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்க்கிற தாய்போல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாச்சும் ஏறுதாங்க?"

"என்ன ஏறணும்?"

"நல்லது."

ஏறியது என்னவோ தலைக்குத்தான். அந்த நேரம் பார்த்து, கீழ்வீட்டில் பாட்டில் திறந்திருப்பதை எப்படியோ மோப்பம் பிடித்து, சோபாக்காரர் வாழ்த்துச் சொல்ல இறங்கி வந்தார். கண்ணாடிக்கடைக்காரருக்கு வாசலில் இரண்டு சகலைகள் தெரிந்தார்கள். ஒரு சகலையையே தாங்க முடியாத மனிதர். மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டார். அடுத்த நாள் கடையில் தூரத்தைப் பார்க்கக் கண்ணாடி கேட்டு வந்தவருக்குப் படிக்கிற கண்ணாடியைக் கொடுத்தனுப்பிவிட்டார். அந்த ஆள் தெருவில் இறங்கியதும் விளக்குக்கம்பத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இருந்தாலும் விடவில்லை. மூக்கைப் பிடித்தபடி பயிற்சி தொடர்ந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் நல்ல கொழுப்பு ஒரு நகக்கண் அளவு நகர்ந்திருந்தது. இயக்குநர் அவரைத் தழுவிக்கொண்டார். ஒப்பீடாக நுழைந்து பங்கேற்பாளராக உயர்ந்த முதல் மனிதர் என்று ஆண்டுவிழாவில் கோப்பை கொடுப்பதாகச் சொன்னார். தங்கைக்காரி செய்தியைக் கொண்டு மாடியேறினாள். இறங்கும்போது காலைத் தரையில் வைக்கவில்லை.

இதற்கிடையில் மேல்வீட்டில் ஒரு சங்கதி நடந்தது. ஒருநாள் சோபாக்காரரும் ஒரு கூலியாளும் ஒரு சோபாவைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் அவர் சோபாவைப் போட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இடது தோளைப் பிசைந்துகொண்டே, ஒன்றுமில்லை, வாயு என்றார். வாயுவுக்கு யாராவது தோளைப் பிசைவார்களா? நானே மேலே போய் அக்காக்காரியிடம் சொன்னேன். அவள் அவரை தெருமுக்கு மருத்துவரிடம் இழுத்துப்போனாள். ரத்த அழுத்தம் ஏகத்துக்கு, இன்னொரு கொழுப்பு அதற்கும் மேலே, இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கும்போலிருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், குடியை இன்றோடு நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சோபாக்காரர் பயந்த ஆள், நிறுத்திவிட்டார். பூ ஜாடியில் அக்காக்காரி பூ வைத்தாள்.

ஒளிவுமறைவு தெரியாத மனிதர் வேறு. நேரே இதய மாளிகைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். இயக்குநர் கவனமாகக் கேட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துச் சிவப்புப் பட்டையை வெட்டி, வெள்ளைப் பட்டையைக் கட்டினார்.

"இனிமே நீங்க குடிக்காதவர். படியில போங்க."

"எனக்கு நெஞ்சு வலிக்குதுங்களே" என்றாராம் சோபாக்காரர்.

"உங்க குழுவுல அது சகஜம்."

வாசல் கூடத்திலிருந்து படத்தையும் இறக்கிவிட்டார்கள். இதைக் கேட்ட அன்று கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு தடவை சாதம் போட்டுச் சாப்பிட்டார். பாவம் சகலை என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு கவளம் கூடுதலாக இறங்கியது.

ஆண்டுவிழா மேல் தளக் கூடத்தில் நடந்தது. சிவப்புப் பட்டைக்காரர்கள் முன்னால் சோபாவில். வெள்ளைப் பட்டைக்காரர்கள் படியேறி வந்து பின்னால் நின்றார்கள். சோபாக்காரர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறி வந்ததை நான் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் கழித்துப் போகலாம், சகலைக்குக் கோப்பை கொடுக்கும்போது தான் இல்லாவிட்டால் நன்றாயிருக்காது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். தான் அடித்துக் கொடுத்த சோபாக்களைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்து நின்றார். நெற்றி வியர்த்துக் கொட்டியது.

மேடையில் கண்ணாடிக்கடைக்காரர். கையில் சிவப்புப் பட்டை, மூக்கில் கடையிலேயே விலை கூடிய சட்டம் போட்ட கண்ணாடி. இயக்குநர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார். "எங்கள் ஆய்வில் மாரடைப்பு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யார்? குடிக்காதவர்கள்! அளவாக அருந்துபவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. சாகிற நிலை வந்த ஒவ்வொருவரும் அதற்கு முன்பே அருந்துவதை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியதும் போய்விட்டார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

அப்போது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். சோபாக்காரர் சுவரோடு சரிந்து தரையில் கிடந்தார்.

அக்காக்காரி அலறினாள். கூட்டம் திரும்பியது. இயக்குநர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார். "பார்த்தீர்களா? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஒப்பீடு!"

"அந்தப் பட்டை போன வாரம் நீங்க கட்டினதுங்க. என்னைக் கட்டுறதுக்கு முன்னாடியிருந்து குடிச்ச மனுஷன்" என்றாள் அக்காக்காரி. தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, நெஞ்சு அடைக்கற நேரத்துல கையில எந்தப் பட்டை இருக்குதுன்னுதான் விஞ்ஞானம் பாக்கும். வாழ்க்கை வரலாறெல்லாம் பாக்காது" என்றார் இயக்குநர்.

கண்ணாடிக்கடைக்காரர் மேடையில் நின்றார். கைக்கெட்டும் தூரத்தில் கோப்பை. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து அக்காவிடம் ஓடுவதை அவர் பார்த்தார். சகலை சிரிக்காமல் கிடப்பதையும் பார்த்தார். அந்த முகத்தைச் சிரிப்பு இல்லாமல் அவர் அதுவரை பார்த்ததில்லை. கோப்பை பக்கம் நீண்ட கையை மடக்கிக்கொண்டு இறங்கி ஓடினார்.

நாலைந்து பேர் சேர்ந்து சோபாக்காரரை ஒரு சோபாவில் கிடத்தி, சோபாவோடு தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனோம். நல்ல வேலைப்பாடு, ஒரு கால்கூட ஆடவில்லை. லிஃப்ட்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். ஆபத்து நேரம் என்பதால் அவர் குரலில் மரியாதை கூடியிருந்தது.

"பட்டை?"

"ஐயா, உசிர் போகுது."

"பாக்கறேன் சார். ஆனா வெள்ளை. வெள்ளைக்குப் படி அந்தப் பக்கம்."

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தன் கையிலிருந்த சிவப்புப் பட்டையைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். எத்தனை நாள் மூக்கைப் பிடித்துச் சம்பாதித்த பட்டை! அதைச் சகலையின் மணிக்கட்டில் கட்டினார். லிஃப்ட்காரர் சலாம் வைத்துக் கதவைத் திறந்தார்.

அப்போதுதான் இயக்குநருக்கு விஷயம் உறைத்தது. சிவப்புப் பட்டையோடு ஒரு மாரடைப்பு! நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதல் தடவை. மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"அவரை அப்புறம் காப்பாத்தலாம். முதல்ல அந்தப் பட்டையைக் கழட்டுங்க!"

லிஃப்ட் கதவு அவர் முகத்துக்கு நேரே மூடியது. அவர் படியில் ஓடினார். ஒப்பீடுகளுக்கென்று விதித்த படியில் அவர் இறங்கியது அதுவே முதல் தடவை. கீழே வந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஊற்று அன்றைக்கும் அடைத்திருந்தது. கூட்டத்தில் யாரோ வரவழைத்த ஆம்புலன்ஸ் சோபாக்காரரை ஏற்றிக்கொண்டு அதற்குள் தெருமுக்கு திரும்பிவிட்டது.

சோபாக்காரர் பிழைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கி, குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற வலை வைத்தார்கள். நல்ல கொழுப்பு இவ்வளவு இருந்தும் எப்படி என்று தங்கைக்காரி அங்கிருந்த மருத்துவரிடம் கேட்டாள். "அந்த ஒரு எண்ணை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. குடிச்சுக் கூடறது காவல் காக்கும்னு நம்பக்கூடாது" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அதனாலோ என்னவோ தெருவில் யாருக்கும் அது எடுபடவில்லை.

இதய மாளிகை அவசரக் கூட்டம் போட்டது. சோபாக்காரரின் மாரடைப்பு கூடத்தில் வெள்ளையில் தொடங்கி லிஃப்டில் சிவப்பில் முடிந்ததால், அது எந்தக் கணக்கிலும் சேராது, லிஃப்டுகள் இந்த ஆய்வின் வரம்புக்குள் வரமாட்டா என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பிறகு கிளாஸ்களை எடுத்தார்கள்.

தங்கைக்காரி அன்று ஆஸ்பத்திரியிலேயே, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்கும் கேட்கும்படி, "எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டார்" என்று பழைய குரலில் சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. சொத்து திரும்பி வந்துவிட்டது. கதை இத்தோடு முடிந்திருந்தால் அவருக்கு நல்லது.

ஆனால் சோபாக்காரர் வீடு திரும்பினார். குடியை விட்டுவிட்ட மனிதராகத் திரும்பினார். தெருவே மாடிப்படியில் ஏறி இறங்கியது. பழக்கூடை, பூச்செண்டு, கைகுலுக்கல். எவ்வளவு மனவுறுதி, எத்தனை வருஷப் பழக்கம், ஒரே நாளில் தூக்கிப்போட்டார் பாருங்கள் என்று வியந்தார்கள். அவர் பழையபடி சிரித்தார். கீழே மின்விசிறி ஆடியது.

"அத்தான் மாதிரி வைராக்கியம் யாருக்கும் வராதுங்க" என்றாள் தங்கைக்காரி, மேசையைத் துடைத்துக்கொண்டே.

"அந்த வீட்டுப்பாடத்தைக் கழிச்சா நான் தொட்டதே இல்லையே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"தொடாம இருக்கறது யாருக்குங்க முடியாது? தொட்டுட்டு விடணும். அதுதான் கஷ்டம்."

அவர் எழுந்து துவைத்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து, பயிற்சி வகுப்பில் கொடுத்தனுப்பிய பாட்டிலை எடுத்தார். பாதி மீதி இருந்தது. சமையலறை ஜன்னலை அகலத் திறந்து வைத்தார். தொண்டையைக் கனைத்தார். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை பலமாகக் கனைத்துவிட்டு, பாட்டிலைத் தலைக்குமேல் உயர்த்தி, தெருவுக்கே தெரியும்படி, கழுவுதொட்டியில் கொட்டினார். கடைசிச் சொட்டு வரை உலுக்கினார். தெருவில் யாரும் இல்லை. எல்லோரும் மேல்வீட்டில் இருந்தார்கள். அவர் மனைவியும் அங்கேதான்.

நான் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பியவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து பாத்தீங்கள்ல?"

"எதை?" என்றேன் நான்.